லாரிக்கு ரீட்ரெட் டயர் போடலாமா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெடுஞ்சாலை ஓரத்தில் கிழிந்து சுருண்டு கிடக்கும் ரப்பர் பட்டையைப் பார்த்ததும், "ரீட்ரெட் டயர் போட்டா இப்படித்தான்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். தேய்ந்த டயரின் மேல் ரப்பரை மட்டும் புதிதாக மாற்றியதுதான் ரீட்ரெட் டயர். புதிதாக லாரி வாங்கியவர் அதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு செலவானாலும் புது டயர்தான் என்று முடிவு செய்துவிடுவார். இன்னொரு பக்கம், விலை பாதிக்கும் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, கிடைத்த பழைய டயரையெல்லாம் ரீட்ரெட் செய்து எல்லாச் சக்கரத்திலும் மாட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். முதலாமவருக்குப் பண நஷ்டம். இரண்டாமவருக்குப் பண நஷ்டத்தோடு ஆபத்தும் சேர்ந்து வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேசிங், அதாவது மேல் ரப்பருக்குக் கீழே இருக்கும் டயரின் உடம்பு, நன்றாக இருந்து, ரீட்ரெட் வேலை ஒழுங்காக நடந்து, தினமும் காற்று சரியாக வைத்து ஓட்டினால் ரீட்ரெட் டயர் லாரிக்குப் பாதுகாப்பானது. கணிசமாகப் பணமும் மிச்சமாகும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் போடாதீர்கள். அப்புறம் இன்னொன்று: ரீட்ரெட் பற்றிய முடிவைப் பழைய டயர் தேய்ந்த பிறகு எடுப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது புது டயர் வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறது.

அதற்கு முன்னால் அந்த ரப்பர் பட்டை விஷயத்தை முடித்துவிடலாம்.

சாலையோர ரப்பர் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் இதை ஆராய்ந்தது. 2008-ல் அறிக்கை வந்தது. ஐந்து பகுதிகளில் சாலையோரம் கிடந்த லாரி டயர்த் துண்டுகளை அள்ளி வந்து, ஒவ்வொன்றும் ஏன் பிய்ந்தது என்று பார்த்தார்கள். அந்தக் குவியலில் ரீட்ரெட் டயருக்கும் புது டயருக்கும் இருந்த விகிதம், சாலையில் ஓடும் டயர்களில் இருக்கும் விகிதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ரீட்ரெட் மட்டும் தனியாக அதிகம் பிய்வதாகத் தெரியவில்லை. பெரும்பாலான துண்டுகளில் காரணம் சாலையில் கிடந்த பொருள் குத்தியதும், மிதமிஞ்சிய சூடும்தான். காற்று குறைந்தாலோ பாரம் மீறினாலோ வருவது அந்தச் சூடு. புது டயரும் அதே காரணத்தால் அதே போலப் பிய்யும்.

விமானங்களின் சக்கரங்களிலும் ரீட்ரெட் டயர்கள் மிகச் சாதாரணமாக ஓடுகின்றன. ஒரே கேசிங் பல முறை ரீட்ரெட் ஆகி மறுபடி ஓடுபாதையில் இறங்குகிறது. அங்கே ஒவ்வொரு முறையும் சோதனை கடுமையாக இருக்கிறது, காற்றழுத்தம் தவறாமல் கவனிக்கப்படுகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கண்டிப்பைத்தான்.

டயரில் எதை மாற்றுகிறார்கள்?

சாலையைத் தொடும் மேல் ரப்பர்தான் ட்ரெட். அதில் இருக்கும் பட்டன்கள் தேய்வதைத்தான் நாம் டயர் தேய்ந்துவிட்டது என்கிறோம். அதற்குக் கீழே இருக்கும் உடம்பு முழுவதும் கேசிங்: எஃகுக் கம்பிப் பட்டைகள், பக்கச் சுவர், ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் பீடு, காற்றைத் தாங்கும் உள் அடுக்கு. பாரத்தைச் சுமப்பது கேசிங்கில் அடைபட்ட காற்று. டயரின் விலையில் பெரும்பங்கும் கேசிங்குக்குத்தான் போகிறது. செருப்பின் மேல்பாகம் உறுதியாக இருக்கும்போது அடியை மட்டும் மாற்றுவது போலத்தான் ரீட்ரெடிங்.

இதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில், இன்னும் வேகாத பச்சை ரப்பரைக் கேசிங்கின் மேல் சுற்றி அச்சுக்குள் வைத்து, ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் வேகவைத்து டிசைனை உருவாக்குவார்கள். இதை ஹாட் என்பார்கள். மற்றொன்றில், டிசைனோடு ஏற்கெனவே வெந்து தயாரான ட்ரெட் பட்டையைக் கேசிங்கின் மேல் சுற்றுவார்கள். நடுவில் குஷன் கம் என்ற மெல்லிய பச்சை ரப்பர் இருக்கும். மேலே ஒரு ரப்பர் உறை போட்டு, பெரிய அழுத்தக் கலத்துக்குள் ஏறக்குறைய 100 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். இது கோல்டு. பெயர்தான் கோல்டு, சூடு இங்கேயும் உண்டு, கேசிங்குக்கு அது குறைவாகப் படுகிறது, அவ்வளவுதான். ஜெர்மனியைச் சேர்ந்த பெர்னார்ட் நோவாக் உருவாக்கிய இந்த முறையை ராய் கார்வர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1957-ல் ஐயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் ஊரில் பான்டாக் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இரண்டு முறையிலும் நல்ல டயர் வரும். எந்த முறை என்று கேட்பதைவிட, எந்தக் கேசிங், யார் செய்தது என்று கேட்பதுதான் முக்கியம்.

முதல் படி: புது டயரைக் கேசிங்காகப் பார்த்து வாங்குங்கள்

கடையில் டயர் வாங்கும்போது எல்லோரும் கேட்பது விலையும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதும்தான். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கேசிங் எத்தனை முறை ரீட்ரெட் தாங்கும்? தயாரிப்பாளர் கேசிங்குக்கு உத்தரவாதம் எதுவும் தருகிறாரா? விலை குறைந்த டயர்கள் பலவும் ஒரு முறை ஓடித் தேய்ந்தால் அவ்வளவுதான். ரீட்ரெட்டுக்குக் கொண்டுபோனால் பட்டறையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 3521 என்றிருந்தால் 2021-ன் 35-ஆவது வாரம். இதை நோட்டில் எழுதி வையுங்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளைத் தாண்டிய கேசிங்கைப் பல பெரிய நிறுவனங்கள் ரீட்ரெட்டுக்கு எடுப்பதில்லை. ஆகவே ஆண்டுக்குக் கொஞ்ச தூரமே ஓடும் வண்டிக்கு, டயர் தேய்வதற்குள் வயதாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் படி: மொட்டையாகும்வரை ஓட்டாதீர்கள்

கேசிங்குகள் வீணாவதற்கு நான் கண்ட மிகச் சாதாரணமான காரணம் இதுதான். "இன்னும் ஒரு ட்ரிப் போகட்டும்" என்று ஓட்டுவோம். ட்ரெட் மெலிந்துவிட்டால் சின்னக் கல்லும் நேராகக் கம்பிப் பட்டையைக் குத்தும். குத்திய இடத்தில் தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். அந்த ஒரு ட்ரிப்பில் மிச்சமான ரப்பர் மிகச் சொற்பம். அதற்காக மொத்தக் கேசிங்கும் போய்விடும்.

ரேடியல் டயரில் (எஃகுக் கம்பிப் பட்டை உள்ள டயர்) பள்ளம் 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். கல், பாறை நிறைந்த இடத்தில் ஓடும் வண்டியென்றால் இன்னும் முன்னதாகவே கழற்றுங்கள். ஆழம் அளக்கும் சின்னக் கேஜ் விலை மலிவு. பள்ளத்தை நடுவில் மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள்; இரண்டு ஓரங்களிலும் அளக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டில் கோளாறு இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ரீட்ரெட் போட்டால் புது ட்ரெட்டும் அதே ஓரத்தில் தேயும்.

மூன்றாம் படி: அனுப்பும் முன் கேசிங்கை நீங்களே பாருங்கள்

பட்டறைக்காரர் பார்ப்பார்தான். ஆனால் நீங்களும் பார்த்துப் பழகிக்கொண்டால், உங்கள் வண்டி எப்படி ஓட்டப்படுகிறது என்பதே டயரில் தெரிய ஆரம்பிக்கும்.

டயரைக் கழுவித் துடைத்து, நிழலில் நிறுத்துங்கள். ஒரு டார்ச் விளக்கைப் பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் மேடு பள்ளங்களின் நிழல் விழும். பக்கச் சுவரின் நடுப்பகுதியில், உள்ளேயும் வெளியேயும், உள்ளங்கையை வட்டமாக ஓட்டிப் பாருங்கள். துணியில் தையல் சுருங்கினாற்போல வரிவரியாகச் சுருக்கம் தட்டுப்பட்டாலோ, ஓரிடம் மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ, அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கலாம். உள் அடுக்கு கறுத்து, கருகினாற்போல், பொடிப்பொடியாக உதிர்ந்தாலும் அதே சந்தேகம்தான். சுவருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் மடங்கி மடங்கிச் சோர்ந்து போயிருக்கும். அப்படிப்பட்ட டயருக்கு மறுபடி காற்று அடிக்கும்போது, பக்கச் சுவர் ஜிப் கழன்றாற்போல் ஒரே கோட்டில் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் உயிர் தப்புவது கடினம். இப்படிச் சந்தேகம் வந்த டயருக்குக் காற்று அடிக்கவே அடிக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்து, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி பெரிதாகக் குறி போட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் பீடு. ரிம்மோடு உட்காரும் அந்த வளையத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா, கம்பி எட்டிப் பார்க்கிறதா, கல் போல இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ட்ரம் அடிக்கடி கொதிக்கும் வண்டியில் பீடு இப்படி வேகும். எண்ணெய், கிரீஸ் ஊறி உப்பிய ரப்பரும் ஆகாது. பக்கச் சுவரில் ஆழமாக வெட்டுப்பட்டுக் கம்பி தெரிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

பழைய பஞ்சர்களையும் எண்ணுங்கள். ட்ரெட் பகுதியில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வரையுள்ள ஆணித் துளையைச் சாதாரணமாகவே சரிசெய்யலாம். உள்ளே பேட்சும் துளைக்குள் ரப்பர்த் தண்டும் சேர்ந்திருந்தால்தான் அது முழுமையான ரிப்பேர். வெளியிலிருந்து திரியைச் செருகி ஒப்பேற்றியது தற்காலிகம். அதை மறைக்காமல் பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்

முன்பக்க மேஜையில் உட்கார்ந்து விலை பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "வேலையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் பெருமையோடு அழைத்துப் போவார்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பட்டறையில் அரை நாள் நின்று பார்த்தேன். டயரை ஓர் இயந்திரத்தில் விரித்து, உட்புறத்தில் உலோகச் சங்கிலிகள் உரசும்படி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கிலிகளில் உயர் மின்னழுத்தம். கண்ணுக்கு முழுதாகத் தெரிந்த டயர். இரண்டாவது சுற்றில் திடீரென்று 'டப்' என்ற சத்தத்தோடு ஓரிடத்தில் நீலப் பொறி பாய்ந்தது. பெரியவர் ஒருவர் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். குனிந்து பார்த்தேன். குண்டூசி போன அளவுக்குக்கூட ஓட்டை தெரியவில்லை. பிறகு ட்ரெட்டைச் சீவி எடுத்தபோது அதே இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கூரிய கருவியால் அதைச் சுரண்டினார். புள்ளி விரல்நகம் அளவானது, அப்புறம் எலுமிச்சம்பழம் அளவானது. உள்ளே கம்பிகள் எல்லாம் துரு. "தம்பி, ஆணி டயரைக் கொல்றதில்ல. ஆணி போன வழியா உள்ளே போற தண்ணிதான் கொல்லுது" என்றார். அந்த டயரை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். வேலை பாதி நடந்த பிறகு ஒதுக்கினால் பட்டறைக்கு நஷ்டம்தான். அப்படியும் ஒதுக்குகிறார்களா என்பதை வைத்துத்தான் இன்றுவரை பட்டறைகளை எடைபோடுகிறேன்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "போன மாதம் எத்தனை கேசிங்கைத் திருப்பி அனுப்பினீர்கள், எதற்காக?" எதையும் திருப்பியதில்லை, எல்லாவற்றையும் செய்து தருவோம் என்று சொல்பவரிடம் டயரைக் கொடுக்காதீர்கள்.

ஆணித் துளையைக் கண்டுபிடிக்கும் அந்த மின்சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்திருப்பதைக் காட்டும் ஷியரோகிராஃபி இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. டயரை வெற்றிடத்தில் வைத்து லேசர் ஒளியில் படமெடுப்பது அது. பிரிந்த இடம் லேசாக உப்புவதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். சீவி முடித்த டயர்கள் தூசியில் நாள்கணக்கில் கிடக்கின்றனவா என்றும் கவனியுங்கள். புதிதாகச் சீவிய ரப்பர் ஒட்டும் தன்மையைச் சீக்கிரம் இழந்துவிடும். சில மணி நேரத்துக்குள் பசை பூசி அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். அழுத்தக் கலத்தின் சூடும் நேரமும் ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவாகிறதா என்று கேளுங்கள். தரை சுத்தம், வெளிச்சம், வேலை செய்பவர்கள் அவசரமில்லாமல் இருப்பது ஆகியவையும் நிறையச் சொல்லும்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 109-ஆம் எண் விதி, லாரி, பேருந்து போன்ற வாகனங்களின் ரீட்ரெட் டயர்களுக்கானது. அதைப் பின்பற்றும் நாடுகளில் பக்கச் சுவரில் அங்கீகாரக் குறியும் ரீட்ரெட் என்ற சொல்லும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ரீட்ரெட் செய்த பட்டறையின் குறியீடும் வாரமும் ஆண்டும் பொறிக்கப்படும். உங்கள் நாட்டு விதி எதுவாக இருந்தாலும், யார் செய்தார், எப்போது செய்தார் என்று டயரிலேயே தெரிய வேண்டும். தெரியாத டயரை வாங்காதீர்கள்.

முடிந்தவரை உங்கள் கேசிங்கையே கொடுத்து அதையே திரும்ப வாங்குங்கள். அதன் கதை உங்களுக்குத் தெரியும். வேறொருவரின் கேசிங்கில் செய்த டயரை வாங்கினால் அது காற்றில்லாமல் ஓடியதா, பாரம் மீறியதா என்று யாருக்குத் தெரியும்?

ஐந்தாம் படி: திரும்பி வந்ததும் ஒரு பார்வை

புது ட்ரெட்டின் இரண்டு ஓரங்களிலும் நகத்தை விட்டுப் பாருங்கள், எங்கும் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. பட்டையின் இரு முனைகளும் சேரும் இணைப்பில் இடைவெளி தெரியக் கூடாது. டயரின் தோள்பட்டையில், அதாவது ட்ரெட்டும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில், உப்பல் இருந்தால் ஏற்காதீர்கள். கேசிங்கின் எண்ணை நோட்டோடு ஒப்பிட்டு, உங்களுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: எந்தச் சக்கரத்தில் மாட்டுவது?

முன் சக்கரத்தில் வேண்டாம். சட்டம் எல்லா இடத்திலும் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் பேருந்தின் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ரீட்ரெட் தடை, லாரிக்கு இல்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் ஜோடியில் ஒன்று போனால் மற்றொன்று கொஞ்ச நேரம் தாங்கும். முன்னால் ஒரு பக்கத்துக்கு ஒரே டயர்தான், ஸ்டீயரிங்கும் அதில்தான் இருக்கிறது. போனால் வண்டியை நேராகப் பிடித்து நிறுத்துவது ஓட்டுநரின் பலத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. அந்தச் சோதனைக்கு நம் ஓட்டுநரை ஏன் ஆளாக்க வேண்டும்? முன்னால் புது டயர் போடுங்கள். அது பாதி தேய்ந்ததும் பின்னுக்கு மாற்றி, அங்கே மிச்சத்தை ஓட்டி, பிறகு ரீட்ரெட்டுக்கு அனுப்புங்கள்.

முதல்முறை முயல்பவர்கள் டிரெய்லரில் தொடங்கலாம். நம்பிக்கை வந்த பிறகு இழுக்கும் அச்சுக்கு, அதாவது என்ஜின் சுழற்றும் அச்சுக்கு, வாருங்கள். டிசைனையும் இடத்துக்கு ஏற்றபடி கேளுங்கள். இழுக்கும் அச்சுக்குப் பிடிமானம் உள்ள ஆழமான பட்டன் வேண்டும். டிரெய்லருக்கு நேர்கோட்டுப் பள்ளங்கள் போதும். மூன்று அச்சு டிரெய்லரைக் குறுகலான இடத்தில் அடிக்கடி திருப்பினால் டயர் பக்கவாட்டில் இழுபட்டு ட்ரெட்டின் ஓரத்தைப் பிய்க்கும். அந்த வேலைக்கென்றே ஓரம் பலமாகச் செய்த ட்ரெட் உண்டு, பட்டறையில் சொல்லிக் கேளுங்கள்.

ஜோடி சேர்ப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். ஒன்று உயரமாகவும் மற்றொன்று தேய்ந்து குட்டையாகவும் இருந்தால் உயரமானது பாரத்தில் அதிகப் பங்கைச் சுமந்து சூடேறும். குட்டையானது சாலையில் இழுபட்டுத் தேயும். புது ரீட்ரெட் ஒன்றின் பக்கத்தில் பாதி தேய்ந்த டயரை மாட்டுவது இதனால்தான் தவறு. பெரிய லாரி டயர்களில் விட்ட வேறுபாடு 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, சிறிய அளவுகளில் 6 மில்லிமீட்டர். ஒரு டேப்பால் சுற்றளவை அளந்து பார்த்தால் விட்டத்தைவிடச் சுலபம். பெரிய டயரில் சுற்றளவு வேறுபாடு சுமார் 4 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ரேடியலையும், நைலான் நூல் அடுக்குகளால் ஆன நைலான் டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கலக்காதீர்கள்.

மாட்டிய பிறகு முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ரீட்ரெட், புதுசு எதுவானாலும் சரி.

ஏழாம் படி: காற்று, காற்று, காற்று

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண்.

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இரு பக்கமும் மாற்றி மாற்றி வளைத்தால் வளையும் இடம் சுடுகிறதல்லவா, அதே வேலைதான் டயருக்குள் மணிக்கணக்கில் நடக்கிறது. சூடு ஏற ஏற அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டு தளரும். கடைசியில் ட்ரெட் கம்பிப் பட்டையோடு சேர்ந்து பறக்கும். வேடிக்கை பார்ப்பவர் ரீட்ரெட் கழன்றுவிட்டது என்பார். பறந்த துண்டில் கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தால், கழன்றது ரீட்ரெட்டின் ஒட்டு மட்டுமல்ல, கேசிங்கே உடைந்திருக்கிறது.

குறிப்பிட்ட அழுத்தத்தில் 20 சதவீதம் குறைந்த டயரைக் காற்றில்லாத டயராகவே கருத வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. 110 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டிய டயரில் 88 காட்டினால், காற்று அடித்துக்கொண்டு கிளம்பக் கூடாது. கழற்றி, உள்ளே வெளியே பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்தது. காற்று அடிக்கும்போது டயர் பாதுகாப்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். வால்வில் கவ்விக்கொள்ளும் முனையோடு நீண்ட குழாய் இருந்தால் தள்ளி நின்றே அடிக்கலாம். டயருக்கு நேர் எதிரே யாரையும் நிற்கவிடாதீர்கள்.

அழுத்தத்தை வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இறக்கினால், குளிர்ந்ததும் குறைந்த காற்றோடு நிற்கும் டயர்தான் மிச்சம்.

ஜோடியில் உள்பக்க டயர்தான் எப்போதும் பாவப்பட்டது. அதன் வால்வு கைக்கு எட்டாது, குனிய வேண்டும், கை அழுக்காகும். ஆகவே வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உள் டயர் இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டுக் கொடுங்கள். சின்னச் செலவுதான், அப்புறம் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் தினமும் பார்ப்பது சிரமமாக இருக்காது. இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள் சிலர். ஒரேயடியாக இறங்கிப்போன டயரை அது காட்டும், 15 பி.எஸ்.ஐ. குறைந்ததைக் காட்டாது. கேஜ் வேண்டும். வால்வு மூடியையும் தவறாமல் போடுங்கள். அப்படியே குனிந்த கையோடு, ஜோடிக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: கணக்கு

டயரின் விலையைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று பாருங்கள். ரீட்ரெட் செய்ய, பொதுவாகப் புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆகும். எளிமைக்காக இப்படி வைத்துக்கொள்வோம். புது டயர் 100 பங்கு, 1 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ரீட்ரெட் 40 பங்கு, 80,000 ஓடுகிறது. புது டயரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு 1 பங்கு, ரீட்ரெட்டில் அரைப் பங்கு. இரண்டு முறை ரீட்ரெட் செய்தால் மொத்தம் 180 பங்குக்கு 2,60,000 கிலோமீட்டர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 0.69. இப்போது 70 பங்குக்கு வாங்கி 75,000 ஓடி, ரீட்ரெட் தாங்காத மலிவு டயரைப் பாருங்கள்: 0.93. வாங்கும்போது மலிவாகத் தெரிந்தது ஓடும்போது விலை உயர்ந்துவிடுகிறது.

ஆனால் அதே ரீட்ரெட் 20,000 கிலோமீட்டரில் போய்விட்டால் ஆயிரத்துக்கு 2 பங்கு. அதோடு சாலையோரம் வண்டி நின்ற நேரம், தாமதமான சரக்கு, கிழிந்த மட்கார்டு. மோசமான கேசிங்கில் போட்ட ரீட்ரெட்டைப் போல விலை உயர்ந்த டயர் வேறில்லை.

எண்ணெய் மிச்சமும் உண்டு. ஒரு புது லாரி டயர் செய்ய ஏறக்குறைய 83 லிட்டர் கச்சா எண்ணெய், ரீட்ரெட்டுக்கு 26 லிட்டர் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. டயர் குப்பைமேட்டுக்குப் போவதும் சில ஆண்டுகள் தள்ளிப்போகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

யாருக்கு ஒத்துவராது?

வழக்கமாகப் பாரம் மீறி ஏற்றுபவர்களுக்கு. கூர்மையான பாறைகள் மேல் நாள் முழுக்க ஓடி, கேசிங் பிழைக்கவே வாய்ப்பில்லாத வண்டிகளுக்கு. மிகக் குறைவாக ஓடும் வண்டிகளுக்கு. எரிபொருள், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றுபவர்கள் ஒப்பந்தத்தையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் முதலில் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். தினமும் காற்றைப் பார்க்க ஆளோ பழக்கமோ இல்லாதவர்கள், அதை முதலில் சரிசெய்யுங்கள். அது இல்லாமல் புது டயரும் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு டயர் வழியில் போய்விட்டால்

என்னதான் கவனமாக இருந்தாலும் எப்போதாவது ஒன்று போகும். பாதுகாப்பாக ஓரம் கட்டிய பிறகு, கையில் கிடைக்கிற துண்டையும் கேசிங்கையும் எடுத்து வண்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். சாலைக்குள் இறங்கித் துண்டு பொறுக்க மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். அந்தத் துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வழவழவென்று, வெறும் ரப்பராகப் பிரிந்து வந்திருந்தால் ஒட்டில் குறை. பட்டறைக்குக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள், உத்தரவாதத்தைக் கேளுங்கள். கம்பி கிழிந்து தொங்கி, ஓரிடத்தில் துருவும் படர்ந்திருந்தால் காரணம் பழைய குத்து. பக்கச் சுவர் வட்டமாகக் கருகியிருந்தால் காற்றுக் குறைவு. எந்தச் சக்கரம், எந்தக் கேசிங் எண், ரீட்ரெட் ஆன தேதி, ஓடிய தூரம், கடைசியாகக் காற்று பார்த்த நாள் என எல்லாவற்றையும் அதே நோட்டில் அதே பக்கத்தில் எழுதுங்கள். பத்து டயர்களுக்கு எழுதி முடிக்கும்போது, பட்டறையை மாற்ற வேண்டுமா, அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா, காலையில் கேஜ் பிடிப்பதைக் கண்டிப்பாக்க வேண்டுமா என்று அந்த நோட்டே காட்டிவிடும்.